கறை படாத ஜெர்சி

மினசோட்டாவில் செயின்ட் கிளவுட் ஊருக்கு நான் குடிவந்த புதிது. 2011 செப்டம்பர். ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தார். "மதியம் ஏதும் வேலை இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் சிவப்புச் சட்டை ஏதாவது இருந்தால் போட்டுக்கொண்டு வாருங்கள். மேட்ச் பார்க்கப் போகலாம்."

என்னிடம் இருந்தது பொங்கலுக்கு எடுத்த மெரூன் சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குத் தொடங்கிய அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பித்து இன்றுவரை விடவில்லை.

94ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே இருபது நிமிடம். சோளக்கொல்லைகளும் மாட்டுப் பண்ணைகளும் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மரங்களுக்கு மேலே ஒரு கான்கிரீட் பலகை எழும்பி நிற்கும். 112 அடி உயரம், நடுவில் மணிகள். மார்செல் பிராயர் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த மடாலயத் தேவாலயத்தின் முகப்பு அது. பெனடிக்டைன் துறவிகள் 1856இல் இந்தப் பக்கம் வந்தார்கள். அடுத்த வருடமே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம். ஊர் பெயர் காலேஜ்வில். பெயருக்கு ஏற்றபடி கல்லூரியைத் தவிர அங்கே பெரிதாக வேறு எதுவும் கிடையாது. காடு, ஏரி, துறவிகள், மாணவர்கள், அவ்வளவுதான்.

மைதானம் ஒரு இயற்கையான பள்ளத்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் பைன் மரங்கள். இருக்கைகள் சுமார் 7,500. இருக்கை கிடைக்காதவர்கள் மேட்டில் போர்வையை விரித்து உட்கார்ந்துகொள்வார்கள். நாங்கள் போய் உட்கார்ந்தபோது சிவப்பு ஜெர்சிப் பையன்கள் வரிசையாக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். நூற்றைம்பதைத் தாண்டிய பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். இரண்டு அணிக்கும் ஒரே நிறமா என்று கேட்டேன். "இல்லை இல்லை, எல்லாம் நம் பையன்கள்தான்" என்றார் பெரியவர். இந்த ஆட்டத்தில் களத்தில் ஒரு அணிக்கு ஒரு சமயத்தில் 11 பேர்தான். மிச்சப் பேர்?

"நிற்பார்கள்" என்றார்.

அப்புறம் நடந்ததை என்னால் மறக்க முடியாது. உடம்பைச் சூடேற்றும் பயிற்சி என்ற பெயரில் எல்லாரும் செயற்கைப் புல்லில் மல்லாந்து படுத்தார்கள். வானத்தைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருப்பவனிடம் "இன்றைக்கு ரொம்ப நல்ல நாள், இல்லையா?" என்றார்கள். அதுதான் பயிற்சி. அதற்குப் பெயரே 'நல்ல நாள் பயிற்சி'. எதிரணிப் பையன்கள் மறுபக்கம் கத்திக்கொண்டு, தொடையைத் தட்டிக்கொண்டு, வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு முதியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வயது 84. அவர்தான் கோச் ஜான் கேக்லியார்டி. ஆனால் கோச் என்று யாரும் அவரைக் கூப்பிடக்கூடாது என்பது அவருடைய விதி. முதலாண்டுப் பையன்கூட "ஜான்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். கொலராடோவில் டிரினிடாட் என்ற சுரங்க ஊரில், இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர். 1943இல் அவருடைய பள்ளி அணியின் பயிற்சியாளரைப் போருக்கு அழைத்துக்கொண்டார்கள். அணியைக் கலைத்துவிடலாம் என்று பள்ளி நினைத்தது. 16 வயதுப் பையன் எழுந்து, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றான். முதல் வேலையாக, தனக்கும் தன் நண்பர்களுக்கும் பிடிக்காததையெல்லாம் தூக்கினான். வாந்தி வரும்வரை ஓடுவது, குனிந்து நிமிர்ந்து சாகும் கசரத்து, எல்லாம் போயிற்று. பயிற்சியின்போது தண்ணீர் குடித்தால் உடம்புக்குக் கெடுதல் என்று அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் நம்பினார்கள். இவன் தாராளமாகக் குடிக்கச் சொன்னான். அணி ஜெயித்தது.

1953இல் செயின்ட் ஜான்ஸுக்கு வந்தார். 2012 வரை அங்கேயே இருந்தார். அறுபது பருவங்கள். அதற்கு முன்பு வேறு கல்லூரியில் இருந்த வருடங்களையும் சேர்த்தால் மொத்தம் 489 வெற்றி, 138 தோல்வி, 11 சமன். கல்லூரி ஃபுட்பாலின் எந்த மட்டத்திலும் இத்தனை வெற்றி வேறு யாருக்கும் கிடையாது. அவருடைய முறையை 'வேண்டாம்'களின் பட்டியல் என்றே சொல்லலாம். பயிற்சியில் ஒருவரையொருவர் மோதிச் சாய்க்க வேண்டாம். விசில் வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். எடை தூக்கச் சொல்லிக் கட்டாயம் வேண்டாம். புதுப் பையன்களைச் சீனியர்கள் படுத்தவே கூடாது. கேப்டன் என்று தனியாக ஒருவன் வேண்டாம், கடைசி வருடப் பையன்கள் முறைவைத்து இருப்பார்கள். கடைசியாக ஒன்று, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது: வந்த பையன் யாரையும் கழித்துக்கட்ட வேண்டாம்.

அந்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிவப்பு ஜெர்சிகளுக்குக் காரணம் அதுதான். ஆட வேண்டும் என்று வருகிற எவனுக்கும் அங்கே ஜெர்சி உண்டு. எண்கள் பற்றாது, 99 வரை உள்ள எண்களை இத்தனை பேருக்கு எப்படிப் பிரிப்பது? ஒரே எண்ணை இரண்டு பேர் போட்டுக்கொள்வார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் களத்தில் இறங்கக்கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. அதற்கான வாய்ப்பும் பெரும்பாலும் வராது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பந்து கையில் இருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் அதைப் பத்து கஜம் முன்னே கொண்டுபோக வேண்டும். போனால் இன்னொரு நான்கு முயற்சி. போகாவிட்டால் பந்து எதிரணிக்கு. சடுகுடுவில் பாடிவந்தவனை மடக்குகிற மாதிரி, பந்து வைத்திருப்பவனை மடக்கிச் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் 'ப்ளே' என்று பெயர். நாலைந்து நொடியில் முடிந்துவிடும். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே பெரியவரிடம் கேட்டேன், நீங்களும் இங்கே ஆடினீர்களா என்று. "ஜெர்சி போட்டேன்" என்றார். அறுபதுகளின் தொடக்கத்தில் நான்கு வருடம். ஆடியது மொத்தம் 11 ப்ளே. ஒரு நிமிடம்கூடத் தேறாது. 1963இல் கேக்லியார்டியின் அணி கலிஃபோர்னியாவுக்குப் போய் பிரெய்ரி வியூ கல்லூரியை 33-27 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது. பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் இவர் பெயர் இல்லை. வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டாராம். அதைச் சொல்லும்போது குரலில் எந்த வருத்தமும் இல்லை. "நாங்கள் ஜெயித்தோம்" என்றுதான் சொன்னார்.

இது எனக்குப் புரியவே சில வருடங்கள் பிடித்தன.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்தது டிவியில் வருவதுதான்: லட்சம் பேர் உட்காரும் மைதானம், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர், உதவித்தொகையோடு இப்போது விளம்பரப் பணமும் வாங்கும் மாணவர்கள். அதற்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், டிவிஷன் 3 என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. 1973இல் பிரித்தார்கள். நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள்; எண்ணிக்கையில் இதுதான் பெரிய பிரிவு. அவற்றில் 240 கல்லூரிகள் அளவில் ஃபுட்பால் ஆடுகின்றன. விளையாட்டுக்காக யாருக்கும் ஒரு பைசா உதவித்தொகை கொடுக்கக்கூடாது என்பது இதன் அடிப்படை விதி. படிப்புக்கும் குடும்ப வசதிக்கும் ஏற்பக் கட்டணச் சலுகை உண்டு, பந்துக்குக் கிடையாது. பையன் காலையில் கெமிஸ்ட்ரி லேப், மாலையில் பயிற்சி, இரவில் நூலகம் என்று ஓடுவான். கடைசியில் கல்விக் கடனும் கட்டுவான்.

இதைத் தூய்மையின் கதையாக மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். தனியார் சிறு கல்லூரிகளுக்கு மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, அதிலும் ஆண் மாணவர்கள். ஒரு ஃபுட்பால் அணி தொடங்கினால் நூறு பையன்கள் வருவார்கள். நூறு பையன்களும் கட்டணம் கட்டுவார்கள். பல கல்லூரிகள் அந்தக் கணக்கைப் போட்டே அணி தொடங்கியிருக்கின்றன. ஓரத்தில் நிற்கும் பையன் ஒருவிதத்தில் அந்தக் கல்லூரியின் மின்கட்டணத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறான். அதுவும் எல்லாரையும் காப்பாற்றுவதில்லை. அலபாமாவில் பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நேரத்தில் அதன் பேஸ்பால் அணி டிவிஷன் 3 தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி இல்லாமல் போன பிறகும் அந்தப் பையன்கள் அதன் பெயர் போட்ட சட்டையோடு ஆடினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

சரி, பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததே அவர்களுக்காகத்தான்.

ஒரு மணி ஆட்டத்துக்குப் பத்து மணிக்கே வண்டிகள் வந்துவிடும். கார் டிக்கியைத் திறந்து வைத்து, மடக்கு மேஜை போட்டு, அடுப்பு பற்றவைப்பார்கள். ஸ்டெர்ன்ஸ் கவுண்டி ஜெர்மன் குடியேறிகளின் ஊர். சாசேஜ் சுடாமல் அங்கே எந்தக் காரியமும் நடக்காது. மேஜைகளுக்கிடையே யாரும் கேட்டுச் சாப்பிடுவதில்லை. தட்டை நீட்டினால் போடுவார்கள். நவம்பர் குளிரில் நான் ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காபி கொண்டுபோவேன். முதலில் பெரியவருக்கு மட்டும் என்று கொண்டுபோனது, இப்போது இரண்டு பெரிய ஃபிளாஸ்க் ஆகிவிட்டது.

கறுப்பு அங்கியோடு துறவிகள் சிலர் வந்து உட்காருவார்கள். ஸ்கோருக்கு நம்மைவிட அதிகமாகப் பதறுகிறவர்கள் அவர்கள். சிறு பிள்ளைகள் மேட்டில் உருண்டு விளையாடுவார்கள், ஒரு ப்ளேகூடப் பார்க்க மாட்டார்கள். பத்து கஜத்தை அளக்க இரண்டு கம்பங்களுக்கு நடுவே சங்கிலி கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு கோட்டோரமாகவே நடக்கிறவர்கள் இருப்பார்கள். இந்த மாதிரிக் கல்லூரிகளில் அவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். ஒரு தடவை பந்து பத்து கஜத்தைத் தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்து சங்கிலியைக் களத்துக்குள் கொண்டுவந்தார்கள். கம்பத்துக்கும் பந்தின் மூக்குக்கும் ஒரு விரல்கடை இடைவெளி. எங்கள் அணிக்குப் பாதகம். கம்பம் பிடித்திருந்த நரைத்த மனிதரும் உடம்பெல்லாம் எங்கள் ஆள்தான். ஆனாலும் கம்பம் நூலளவு நகரவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போயிற்று.

2003 இவர்களுடைய பொன் வருடம். நான் அப்போது இங்கே இல்லை. பெரியவர் சொல்லிச் சொல்லி நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது. கிராம்ப்ளிங் கல்லூரியின் பயிற்சியாளர் எடி ராபின்சன் 408 வெற்றி என்ற சாதனையோடு இருந்தார். நவம்பர் 8 அன்று பெத்தல் கல்லூரியை 29-26 என்று வென்று கேக்லியார்டி 409ஐ எட்டினார். அன்று அந்தப் பள்ளத்துக்குள் 13,000 பேருக்கு மேல் கூடினார்கள். அதே வருடம் டிசம்பரில் இறுதி ஆட்டம், வர்ஜீனியாவில் சேலம் என்ற ஊரில். ஆமாம், சேலம்தான். எதிரணி ஒஹையோவின் மவுண்ட் யூனியன். டிவிஷன் 3இல் அவர்கள்தான் பேரரசு. லாரி கெரஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் 11 தேசியப் பட்டங்கள் வென்றவர்கள், அன்று தொடர்ந்து 55 வெற்றியோடு வந்திருந்தவர்கள். பெரியவரும் இரண்டு நண்பர்களும் மாறி மாறி ஏறக்குறைய இருபது மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார்கள். செயின்ட் ஜான்ஸ் 24, மவுண்ட் யூனியன் 6. இரவே திரும்பக் கிளம்பிவிட்டார்களாம். ஏன் தங்கவில்லை என்று கேட்டேன். "தூக்கம் வந்தால்தானே" என்றார்.

பரம எதிரி செயின்ட் தாமஸ், செயின்ட் பால் நகரத்தில் இருக்கும் கத்தோலிக்கக் கல்லூரி. 1901இலிருந்து மோதல். 2017இல் அந்த ஆட்டத்தை மினியாபொலிஸ் பேஸ்பால் மைதானத்தில் வைத்தார்கள். 37,355 பேர் வந்தார்கள். உதவித்தொகையே இல்லாத பையன்களின் ஆட்டத்துக்கு! அதுவரை டிவிஷன் 3இல் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை. 20-17 என்று தோற்றோம். கூட்டத்தைப் பார்த்து நான் பரவசப்பட்டுக்கொண்டிருந்தேன். பெரியவர் மட்டும் அமைதியாக இருந்தார். வண்டியில் ஏறியதும், "ஓரத்தில் நிற்கிற பையன் முகம் இங்கிருந்து தெரியவில்லை" என்றார்.

அதே வருடம் செயின்ட் தாமஸ் இன்னொரு கல்லூரியை 97-0 என்று அடித்தது. மாணவர் எண்ணிக்கையில் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியதாகிவிட்ட கல்லூரியோடு எப்படி மோதுவது என்ற முணுமுணுப்பு முற்றியது. இந்தக் கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பை 1920இல் தொடங்கியவற்றில் ஒன்றான செயின்ட் தாமஸை 2019இல் மற்ற கல்லூரிகள் சேர்ந்து வெளியேற்றின. அவர்கள் 2021இல் நேராக டிவிஷன் 1க்கே போய்விட்டார்கள். நியாயமா என்று கேட்டால், சின்னக் கல்லூரிகளின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வளர்ந்த இரண்டு குடும்பங்களைப் பிரித்தது தவறு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்டோபர் வந்தால் இப்போதும் ஒரு சனிக்கிழமை வெறிச்சென்று இருக்கிறது.

இப்படிப்பட்ட மோதல்கள் நாடு முழுக்க உண்டு. இந்தியானாவில் வாபாஷும் டிபாவும் 1890இலிருந்து ஆடுகின்றன; 1932இலிருந்து ஜெயித்தவர்களுக்கு ஒரு ரயில் இன்ஜினின் மணி. நியூயார்க்கில் இத்தகாவும் கார்ட்லண்டும் ஒரு ஜாடிக்காக அடித்துக்கொள்கின்றன. 2019இல் அந்த ஆட்டத்துக்கு 45,161 பேர் வந்து எங்கள் 37,355ஐத் தாண்டிவிட்டார்கள். 2007இல் டெக்சஸின் டிரினிட்டி, மில்சாப்ஸுக்கு எதிராக இரண்டு நொடி மிச்சம் இருக்கையில் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி, 15 தடவை பின்பக்கமாக வீசி, 61 கஜம் கடந்து ஜெயித்தது. அந்தக் காணொளியைத் தேடிப் பாருங்கள், நேரம் வீணாகாது.

எப்போதாவது இங்கிருந்து ஒருவன் மேலே போவான். பென் பார்ட்ச் என்ற எங்கள் பையன் 2020இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற தொழில்முறை அணிக்குத் தேர்வானான். உடம்பை ஏற்ற ஏழு முட்டை, பாலாடைக்கட்டி, சோளக்கஞ்சி, நிலக்கடலை வெண்ணெய், வாழைப்பழம் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு அடித்துக் குடித்ததைப் பற்றி நாடே பேசியது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பெரியவர் பர்ஸில் வைத்திருப்பது பார்ட்சின் படம் இல்லை. யாரோ ஒரு கடைசி வருடப் பையன், பேர் எனக்கும் தெரியாது, ஓரத்தில் நின்று கைதட்டுகிற படம்.

கேக்லியார்டி 2018 அக்டோபரில் காலமானார், 91 வயது. 2013இலிருந்து கேரி ஃபாஷிங் அணியைப் பார்த்துக்கொண்டார். ஜெர்சிகளின் வரிசை இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால், பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம். முந்தின இரவு பனி பெய்து, காலையில் ஒதுக்கிக் கோட்டோரம் குவித்திருந்தார்கள். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு அம்மா. நான்கு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறவர். மகன் போட்டிருக்கும் எண்ணிலேயே இன்னொரு பையனும் உண்டு. தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அவன் ஹெல்மெட்டை இடது கையில் பிடித்திருப்பான். சின்ன வயதில் டிஃபன் பாக்ஸையும் அப்படித்தான் பிடிப்பான்" என்றார்.

ஆட்டம் நம் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் மிச்சம். கடைசி வருடப் பையன்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்கள். அந்த இடது கை ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதை நாங்கள் மூவரும் ஒன்றாகப் பார்த்தோம். அந்த அம்மா கேமராவைத் தூக்கினார். அப்புறம் மடியில் வைத்துவிட்டார். வெறும் கண்ணால் பார்த்தார்.

ஆறு ப்ளே. முதல் இரண்டில் பந்து அவன் பக்கமே வரவில்லை. மூன்றாவதில் ஒருவன் அவனைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். நான்காவதில் பந்தோடு வந்தவனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விழுந்தான்; மேலே இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். கும்பல் விலகியபோது அவன் கடைசியாக எழுந்தான். ஓரத்தில் நின்றிருந்த நூற்றுச் சொச்சம் பேரும் குதித்தார்கள். ஒலிபெருக்கி அவன் எண்ணை வைத்து இன்னொருவன் பெயரை அறிவித்தது. எங்கள் வரிசையில் நான்கைந்து பேர் எழுந்து அவனுடைய பெயரைக் கத்தித் திருத்தினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் களத்துக்குள் இறங்கலாம். அம்மாவோடு நாங்களும் போனோம். நான்கு வருடமாகத் துவைத்து மடித்த மாதிரியே இருந்த ஜெர்சியில் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் துகள் ஒட்டியிருந்தது. தோள்பட்டையில் எதிரணி ஹெல்மெட்டின் சாயம் ஒரு கோடாக இழுத்திருந்தது. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார், துடைக்கவில்லை.

பெரியவர் அவனிடம் கைகொடுத்தார். "எத்தனை ப்ளே?"

"ஆறு சார்."

"வீட்டுக்குப் போனதும் ஆறையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். எங்கே நின்றாய், யார் மோதினான், எல்லாம்." அவன் சிரித்தான். பெரியவர் அவன் கையை விடவில்லை. "எனக்குப் பதினொன்று. பத்துதான் ஞாபகம் இருக்கிறது."